சண்டைக் கணக்கை யார் பிடிப்பது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டங்களில் சண்டை வந்தாலே கணக்கு குழம்புகிறது என்று வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எண்கள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகங்களை ஒட்டியவை. 2024 திருத்தத்தில் மாறியவற்றில் தேவையானதை மட்டும் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஐந்து பேர் ஆடுகிறார்கள், ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) நான். எட்டு கோப்ளின் (குட்டி அரக்கர்) வந்தால் ஒரு சண்டைக்கே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. யார் முறை, எந்தக் கோப்ளினுக்கு எவ்வளவு அடி, எந்த மந்திரம் இன்னும் நிற்கிறது, எல்லாம் என் தலையில்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால் பாதியிலேயே கண் சொக்குகிறது.
– ஓசூர் வாசகர்

பதில்: ஆறு பேர் இருக்கும் மேசையில் ஒருவரே கணக்கப்பிள்ளை என்றால் இப்படித்தான் ஆகும். வேலையைப் பிரித்துக் கொடுங்கள்.

முதலில் முறை வரிசை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, கூரை மாதிரி மடித்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒன்று எழுதுங்கள். ஆடுபவர்கள் பக்கம் பெயர், உங்கள் பக்கம் ஏ.சி., அதாவது அந்தப் பாத்திரத்தின் மேல் அடி பட உருட்டில் எட்ட வேண்டிய எண். எட்டுக் கோப்ளினுக்கும் தனித்தனியாக இனிஷியேட்டிவ் (முறை வரிசைக்கான உருட்டு) உருட்ட வேண்டாம். ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே உருட்டு என்றுதான் புத்தகமே சொல்கிறது. எட்டும் ஒன்றாகப் பாய்ந்தால் முதல் சுற்றிலேயே ஒருவர் சாய்ந்துவிடுவார் என்று தோன்றினால் நான்கு நான்காக இரண்டு அட்டை போடுங்கள். அட்டைகளை வரிசையாக நிறுத்தும் வேலை உங்களுடையது அல்ல. ஆடுபவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். 'இப்போ நீங்க, அடுத்து அவங்க' என்று இரண்டு பெயராகச் சொல்வதும் அவர் பொறுப்பு. தன் முறை வந்த பிறகு மந்திரப் பட்டியலைப் புரட்டுகிறவர்களால்தான் பாதி நேரம் போகிறது.

அடுத்து அடிக் கணக்கு. கோப்ளினுக்கு ஹிட் பாயின்ட் (சாகும்வரை தாங்கும் அடி) 7, ஏ.சி. 15. ஏழிலிருந்து கழிக்காதீர்கள், பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கொண்டே போங்கள், 7 தொட்டால் செத்தது. களைப்பில் கூட்டல் தப்புவதைவிடக் கழித்தல்தான் அதிகம் தப்பும். 59 பாயின்ட் உள்ள ஓகர் என்ற பூதத்திடம் வந்தால் இதன் அருமை தெரியும். டோக்கனுக்கு நம் ஊர்ப் புளியங்கொட்டையே போதும். ஐந்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று கட்டம் போட்ட தாளில் அடக்கமாக உட்காரும். கறுத்த தோலில் வைட்னரால் 1 முதல் 8 வரை எழுதினால் பளிச்சென்று தெரியும். எண் இல்லாவிட்டால் 'நான் அடித்தது இதையா, அதையா' என்ற பஞ்சாயத்து ஓயாது.

கோப்ளினின் அடிக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை; டி4, டி20 என்பதும் இப்படியே) கூட்டல் 2 என்று ஒவ்வொரு முறையும் உருட்டாமல், பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் சராசரி 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் ஏ.சி.யையும் முதல் அடி விழுந்ததும் வெளியே சொல்லிவிடலாம். '15 பட்டதா?' என்ற கேள்வியும் அதற்குப் பதிலும் ஒவ்வோர் அடிக்கும் மிச்சம். மர்மம் போய்விடும் என்று சிலர் முனகுவார்கள். ஏ.சி.யில் அப்படி ஒன்றும் மர்மம் கிடையாது.

கடைசியாக, நிற்கும் விளைவுகள். இதற்கு ஒரே சட்டம்: விளைவை உண்டாக்கியவரே அதன் கணக்கை வைக்க வேண்டும். காரணம் இருக்கிறது. மாங்க் (துறவி வீரர்) ஸ்டன்னிங் ஸ்டிரைக் என்ற மலைக்கவைக்கும் அடியை அடித்தால் எதிரி மலைத்து நிற்பது, மாங்க்கின் அடுத்த முறை முடியும்வரை. 2024 புத்தகத்தில் அது அடுத்த முறை தொடங்கும்வரை என்று சுருங்கிவிட்டது. இரண்டிலுமே கடிகாரம் அடித்தவர் கையில் இருக்கிறது. அடி வாங்கியவரின் முறையை வைத்து டி.எம். எண்ணும்போதுதான் ஒரு முறை கூடவோ குறையவோ போய்ச் சண்டை வருகிறது.

கண்ணுக்குத் தெரிய ஓர் அடையாளமும் வேண்டும். தண்ணீர், சோடா பாட்டிலைத் திறந்ததும் மூடிக்குக் கீழே கழுத்தில் ஒரு வளையம் தங்கும். அதைக் கழற்றி வையுங்கள். கட்டத்தைவிடச் சற்றே பெரிது, டோக்கனைச் சுற்றி நன்றாக நிற்கும். நீலம் என்றால் கீழே விழுந்தவர், சிவப்பு என்றால் விஷம் ஏறியவர் என்று நிறத்தை முன்பே பேசிவையுங்கள். நான்கு நிறத்துக்கு மேல் போகாதீர்கள், பிறகு நிறத்தை நினைவு வைப்பதே ஒரு தனிச் சுமை. நீல வளையத்தைப் பார்த்தவுடன், ஐந்தடிக்குள் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டி அதிகமானதை எடுப்பது), தள்ளி நின்று அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (குறைவானதை எடுப்பது), எழுந்திருக்கப் பாதி நடை செலவு என்பதெல்லாம் மேசைக்கே நினைவு வரும்.

கேள்வி: பிளெஸ் மந்திரம் போட்டுவிட்டு அதை மறந்தே போகிறோம். கான்சென்ட்ரேஷன் சோதனையும் (போட்டவர் அடி வாங்கும்போது மந்திரம் கலைகிறதா என்று உருட்டுவது) அப்படித்தான். யாராவது ஞாபகப்படுத்துவதற்குள் இரண்டு சுற்று ஓடிவிடுகிறது.
– பாலக்கோடு வாசகி

பதில்: பிளெஸ் மூன்று பேருக்கு, அவர்கள் உருட்டும் எண்ணோடு ஒரு டி4 கூடும். மூன்று டி4 பகடையை எடுத்து அந்த மூவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடிக்க உருட்டும்போதும் சேவ் (தாக்கத்திலிருந்து தப்பும் சோதனை) உருட்டும்போதும் அது டி20 பக்கத்திலேயே கிடக்கும், மறக்காது. மந்திரம் கலைந்தால், போட்டவர் மூன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கு இலக்கு, 10 அல்லது விழுந்த அடியில் பாதி, எது அதிகமோ அது. பாதி என்றால் பின்னம் தள்ளிவிடும். ஆகவே 21 வரை எந்த அடிக்கும் இலக்கு 10-தான், 22-லிருந்துதான் 11 ஆகிறது. தொடக்க நிலை ஆட்டத்தில் 'பத்து எடு' என்று சொன்னாலே பெரும்பாலும் போதும். 2024 திருத்தத்தில் இலக்கு 30-க்கு மேல் போகாது.

நேரம் மிச்சமாகட்டும் என்று பல அடிகளை மூட்டையாகக் கட்டி ஒரே சோதனை வைக்கிற பழக்கம் சில மேசைகளில் இருக்கிறது. விதிப்படி ஒவ்வோர் அடிக்கும் தனிச் சோதனை. வித்தியாசம் சின்னது இல்லை. சேவுக்கு 3 கூட்டுபவர் இலக்கு 10-ஐ எட்ட 70 சதவீத வாய்ப்பு. தலைக்கு 5 வீதம் நான்கு அடி வாங்கி நான்கிலும் தப்ப 24 சதவீதம்தான். நான்கையும் 20 என்று சேர்த்தால் இலக்கு அதே 10, வாய்ப்பு மறுபடி 70. மந்திரக்காரருக்கு அடித்தது யோகம்! தெரிந்தே கொடுப்பதென்றால் கொடுங்கள், ஆனால் நடுச் சண்டையில் மாற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து நடுகல்லைப் பார்த்து, மாடு பிடிக்கும் சண்டை ஒன்று எழுதியிருக்கிறேன். இருபது கொள்ளையர், நாற்பது மாடு. எப்படிச் சமாளிப்பது?
– காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: நல்ல களம். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நடுகற்களில் பல, ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களுக்கு நட்டவை. வெட்சிக்கு (மாடு கவர) ஓர் அணி, கரந்தைக்கு (மீட்க) ஓர் அணி என்றே பிரித்துவிடலாம்.

இருபது பேருக்கும் டி20 உருட்டாதீர்கள். டி.எம். புத்தகத்தில் கும்பலுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அடி பட டி20-இல் குறைந்தது எத்தனை விழ வேண்டும் என்று பாருங்கள். 5 வரை போதும் என்றால் ஆளுக்கு ஓர் அடி நிச்சயம். 6 முதல் 12 என்றால் இரண்டு பேருக்கு ஓர் அடி, 13, 14-க்கு மூன்று பேர், 15, 16-க்கு நான்கு பேர், 17, 18-க்கு ஐந்து பேர், 19-க்குப் பத்து, 20-க்கு இருபது.

கொள்ளையருக்குப் புத்தகத்திலுள்ள 'பேண்டிட்' எண்களை எடுத்தால் அடிக்க 3 கூட்டல், சராசரி அடி 4. எதிரே ஏ.சி. 16 நிற்கிறார் என்றால் 13 தேவை, அதாவது மூவருக்கு ஓர் அடி. ஆறு பேர் சூழ்ந்தால் இரண்டு அடி, மொத்தம் 8. பகடையே தொடவில்லை. கட்டத்தில் ஒருவரைச் சுற்றி எட்டுப் பேர்தான் நிற்க முடியும், மிச்சப் பேரை மாடு ஓட்ட அனுப்புங்கள். கும்பல் கணக்கில் கிரிட்டிகல் (டி20-இல் 20 விழுந்தால் கூடுதல் அடி) கிடையாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தலைவன் ஒருவனுக்கு மட்டும் தனியாக உருட்டினால் பயம் குறையாது.

மாடுகளுக்கு ஹிட் பாயின்ட் எழுதத் தொடங்கினீர்களோ, தொலைந்தீர்கள். மந்தையைத் தரையாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஊடே ஓரடி நடக்க ஈரடி செலவு. ஒவ்வொரு சுற்றிலும் இனிஷியேட்டிவ் 20-இல் ஒரு டி6: 1, 2 என்றால் ஊர்ப் பக்கம், 3, 4 என்றால் அங்கேயே, 5, 6 என்றால் காட்டுப் பக்கம் ஆறு கட்டம். இது எங்கள் யோசனைதான், புத்தகத்தில் தேடாதீர்கள்.

கேள்வி: கோடை விடுமுறையில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளோடு ஆட ஆசை. இருபது முகப் பகடை இங்கே கிடைக்கவில்லை.
– பென்னாகரம் வாசகி

பதில்: 1 முதல் 20 வரை சீட்டெழுதி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த சீட்டை உடனே திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் வாய்ப்பு மாறிவிடும். லூடோ பகடையாலும் முடியும்: முதல் உருட்டில் 6 விழுந்தால் மறுபடி, இரண்டாவதில் 5, 6 விழுந்தால் மறுபடி. முதலாவதில் ஒன்றைக் கழித்து நான்கால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள். 4, 3 விழுந்தால் 15. கணக்கு வாய்ப்பாடு படிக்கிற வயதுக்கு இதுவும் ஒரு பயிற்சி, ஆனால் ஆட்டம் மெதுவாகும்.

போனஸ் ஆக்ஷன் (தன் முறையில் கூடுதல் செயல்), ரியாக்ஷன் (நடப்பதற்கு உடனே எதிர்வினை) இரண்டையும் முதல் நாள் சொல்லவே வேண்டாம். நட, ஒன்று செய், முடிந்தது.

கேள்வி: ஆப் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் தீராதா? இல்லை, வேறு ஆட்டத்துக்கே மாறிவிடலாமா?
– அரூர் வாசகர்

பதில்: ஆப் கூட்டல் கழித்தலைச் செய்யும், தட்டிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும், அது பெரும்பாலும் டி.எம்.தான். முறை வரிசைக்கும் அடிக் கணக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள், விளைவுகளை மேசைமேல் வையுங்கள். மாறுவதென்றால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் முறைக்கு மூன்று ஆக்ஷன் என்பது புரிய எளிது. ஆனால் பயத்துக்கே 1, 2, 3 என்று அளவு உண்டு, முறை முடிய ஒன்று குறையும், எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம், 1981 பேசிக் டி&டி பெட்டியில் அணிக்கு ஒரு டி6 உருட்டி, அதிகம் விழுந்த அணி முழுதும் முதலில் ஆடும். அந்த ஒரு விதியை மட்டும் இப்போதைய ஆட்டத்துக்குள் இரவல் வாங்கி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். முதலில் ஆடும் அணிக்குச் சாதகம் அதிகம் என்பதால் ஒவ்வொரு சுற்றும் புதிதாக உருட்ட வேண்டும்.