நசீம் ஹமீது பெரிய வீரரா, மிகையாகப் புகழப்பட்டவரா?

மிகையாகப் புகழப்பட்டவர் என்றால் திறமையற்றவர் என்று பொருளல்ல. பெயர் திறமையை முந்திக்கொண்டு ஓடிவிட்டது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் ஹமீது, மேல் கயிற்றைப் பிடித்துக் குட்டிக்கரணம் அடித்து மேடைக்குள் குதிப்பார். கைகளைத் தொங்கவிட்டபடியே எதிர்பாராத கோணத்தில் குத்துவார். 37 போட்டிகளில் 36 வெற்றி. அவற்றில் 31 நாக் அவுட். 1997இல் நியூயார்க்கில் கெவின் கெல்லியிடம் மூன்று முறை விழுந்தும், நான்காம் சுற்றில் அவரையே சாய்த்தார். குத்தின் வலு தற்காப்புக் குறையை மறைத்தது, காரம் தூக்கலான குழம்பில் உப்புக் குறைவது தெரியாததைப் போல. 2001இல் மெக்சிகோ வீரர் மார்கோ அந்தோனியோ பரேரா பொறுமையாக ஆடியபோது அந்தக் குறை வெளிப்பட்டது, ஹமீது தோற்றார். என் கணக்கில் பெரிய வீரர்தான். மாபெரும் வீரர் அல்ல.

அந்தத் தோல்வியோடு ஓடிவிட்டார் என்பது தவறு: 2002இல் இன்னொரு போட்டியில் வென்ற பிறகே விலகினார்.