ஃபைலைக் காணோம்: கேள்வி பதில்

பதினைந்து வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். "எல்லாம் அழிந்துவிட்டது" என்று பதறி வருபவர்களில் பலருக்கு ஃபைல் அழிந்தே இருக்காது, இடம் மாறித்தான் இருக்கும். அதனால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நிஜமாகவே அழிந்திருந்தாலும், அதன் பிறகு நீங்கள் செய்யும் வேலைகள்தான் அதை மீட்க முடியாமல் ஆக்கும். இனி கேள்விகள்.

சார், ஆய்வேட்டின் மூன்றாம் இயலை வேர்டில் இரண்டு மணி நேரம் தட்டினேன். மூடும்போது தூக்கக் கலக்கத்தில் "டோன்ட் சேவ்" கொடுத்துவிட்டேன். போனது போனதுதானா?

இல்லை அம்மா, பெரும்பாலும் கிடைக்கும். வேர்ட் தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதி எடுத்து வைக்கும். நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னாலும் கடைசிப் பிரதியைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும்.

எங்கே தேடுவது என்பது ஒரு விஷயத்தைப் பொறுத்தது. அந்த ஃபைலுக்கு ஒருமுறையாவது பெயர் கொடுத்து சேவ் செய்திருந்தால், அதையே திறந்து, ஃபைல் மெனுவில் இன்ஃபோ பகுதிக்குப் போங்கள். "மேனேஜ் டாக்குமெண்ட்" பக்கத்தில், சேவ் செய்யாமல் மூடியபோது எடுத்த பிரதி என்று நேரத்துடன் ஒரு வரி இருக்கும். பெயரே வைக்காத ஃபைல் என்றால் அதே பொத்தானை அழுத்தி "ரெக்கவர் அன்சேவ்ட் டாக்குமெண்ட்ஸ்" கொடுங்கள். திறந்ததும் முதல் வேலை, வேறு பெயரில் சேவ் செய்வது. இந்தப் பிரதி நான்கு நாள் வரைதான் இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் தட்டியது மட்டும் போயிருக்கலாம். அதை மறுபடி தட்டுங்கள், இரண்டாவது முறை நன்றாகவே வரும்.

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கிறது. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரும் காலி. வைரஸா?

வைரஸைக் கடைசியில் சந்தேகப்படலாம். இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள்.

ஒன்று, ஒன்டிரைவ், அதாவது இணையத்தில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் இடம். விண்டோஸ் அமைக்கும்போது "பேக்கப் வேண்டுமா" என்று கேட்டதற்கு நீங்கள் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். அப்போதே டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடும். பிறகு அந்த பேக்கப்பை நிறுத்தினால் பழைய இடம் காலியாகத் தெரியும். "வேர் ஆர் மை ஃபைல்ஸ்" என்று ஒரு ஷார்ட்கட் மட்டும் கிடக்கும். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் அதன் இணையதளத்தில் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் உண்டு. தனிநபர் கணக்கில் 30 நாள் வைத்திருப்பார்கள்.

இரண்டு, தற்காலிக புரொஃபைல். உங்கள் கணக்கைச் சரியாகத் திறக்க முடியாதபோது விண்டோஸ் ஒரு வெற்று வீட்டைக் காட்டும். வால்பேப்பர்கூட மாறியிருக்கும். சி டிரைவில் "யூசர்ஸ்" ஃபோல்டருக்குள் உங்கள் பழைய பெயரில் எல்லாம் பத்திரமாக இருக்கும். ரீஸ்டார்ட் செய்தாலே பலருக்குச் சரியாகிவிடும். அதுவரை அங்கே புதிதாக எதையும் சேவ் செய்யாதீர்கள், வெளியேறியதும் அது போய்விடும்.

அண்ணா, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்தேன். பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது.

உனக்கு வைரஸ்தான் தம்பி. அந்த ஷார்ட்கட்டை மட்டும் அமுக்காதே, அமுக்கினால் உன் லேப்டாப்புக்கும் தொற்றும். உன் ஃபோல்டர்கள் அங்கேயேதான் இருக்கின்றன, மறைத்து வைத்திருக்கிறது. முதலில் ஆன்டிவைரஸில் பென்டிரைவை ஸ்கேன் செய். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல். அதற்குக் கீழேயே, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக் ஒன்று இருக்கும். அதையும் எடுத்துவிடு. இந்த இரண்டாவது டிக்கை விட்டுவிட்டுத்தான் பலர் "ஒன்றும் தெரியவில்லை" என்கிறார்கள். சில நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும், எல்லாம் அதற்குள் இருக்கும். தேவையானதை நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் அடித்துவிடு. அடுத்த முறை பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்பி பிரிண்ட் எடு.

ஷிஃப்ட் டெலீட் கொடுத்து ஒரு ஃபோல்டரையே அழித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. நெட்டில் ஏதேதோ ரெக்கவரி மென்பொருள் சொல்கிறார்கள். எதைப் போடட்டும்?

எதைப் போடுவது என்பதைவிட எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். அழிந்த ஃபைல் இருந்த டிரைவிலேயே மென்பொருளை இன்ஸ்டால் செய்யாதீர்கள். நானே ஒருமுறை இந்தத் தப்பைச் செய்தேன், வீட்டு விசேஷப் படங்களைத் தேடப் போய். ஃபைல் கிடைத்தது, திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம். அந்த இடத்தில்தான் மென்பொருள் போய் உட்கார்ந்திருந்தது.

காரணம் இதுதான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் டெலீட் என்றால் உள்ளே இருப்பதை யாரும் துடைப்பதில்லை. "இந்த இடம் காலி" என்று ஏட்டில் குறித்துக்கொள்வதோடு சரி. வேறு ஏதாவது வந்து அங்கே குடியேறும் வரை பழையது அப்படியே கிடக்கும். பிரவுசரில் வீடியோ பார்த்தாலும் எழுதும், விண்டோஸ் அப்டேட்டும் எழுதும். ஆகவே உடனே அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு கணினியில் இணைத்துத் தேடுவதுதான் நல்லது. பென்டிரைவ், மெமரி கார்டுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க் என்றால் நிலைமை வேறு. டெலீட் செய்ததும் விண்டோஸ் "டிரிம்" என்ற கட்டளையை அனுப்பும், எஸ்எஸ்டி அந்த இடத்தை நிஜமாகவே காலி செய்துவிடும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே இந்த வசதி உண்டு. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான். அதனால் "நிச்சயம் மீட்டுத் தருவோம், பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், என்ன டிஸ்க் என்று கேட்டார்களா என்று பாருங்கள். கேட்காமலே உத்தரவாதம் கொடுப்பவரை நான் நம்ப மாட்டேன்.

காசு செலவில்லாமல் முயல இரண்டு உண்டு. 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி, கட்டளை தட்டி இயக்க வேண்டியது, கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்னொன்று ஃபோட்டோரெக். பெயரில்தான் ஃபோட்டோ, வேர்ட், பிடிஎஃப் எல்லாம் எடுக்கும். ஆனால் பெரும்பாலும் பழைய பெயர் இருக்காது, நூற்றுக்கணக்கில் கொட்டிவைக்கும், ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். எதில் மீட்டாலும் மீட்டதை வேறொரு டிரைவில் சேமியுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் வந்த வேர்ட் ஃபைலை அப்படியே திறந்து, திருத்தி, சேவ் செய்தேன். இப்போது எங்கே என்று தெரியவில்லை.

வேர்டைத் திறந்து, ஓபன் பகுதியில் "ரீசன்ட்" பட்டியலைப் பாருங்கள். பெயர் மேல் மவுஸை வைத்தால் முழு முகவரி தெரியும். ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டரின் அடியாழத்தில் இருக்கும், உடனே வெளியே எடுங்கள். மெயில் இணைப்பைத் திறந்து திருத்தியவர்களுக்கும் இதே பதில்.

இரண்டாம் இயலின் மேல் மூன்றாம் இயலை சேவ் செய்துவிட்டேன்.

வேர்ட் இன்னும் திறந்திருக்கிறதா? அப்படியென்றால் மூடாதீர்கள், இரண்டாம் இயலைத் திறந்து அதிலேயே மாற்றித் தட்டியிருந்தால் பழைய பகுதி வரும் வரை அண்டூ அடியுங்கள். மூடிவிட்டால், ஃபைல் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால் "வெர்ஷன் ஹிஸ்டரி" பாருங்கள். இல்லையென்றால் ஃபைல்மேல் வலது கிளிக் செய்து "பிரீவியஸ் வெர்ஷன்ஸ்". இது எல்லோருக்கும் இருக்காது. நெறியாளருக்கு அனுப்பிய மெயிலில் பழைய பிரதி இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்தவரை அதிகம் பேருக்குக் கைகொடுத்தது அனுப்பிய மெயில்தான்.

ஐயா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். பழைய கட்டுரை ஒன்றின் பெயர் மறந்துவிட்டது. உள்ளே இருக்கும் சொல்லைத் தமிழில் தட்டித் தேடினால் ஒன்றும் வருவதில்லை.

எந்த எழுத்துருவில் தட்டினீர்கள் ஐயா? பாமினி என்றால் காரணம் அதுதான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். "அம்மா" என்பது பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். இப்போது போனிலும் கணினியிலும் பொதுவாகத் தமிழ் தட்டும் முறையான யூனிகோடில் தட்டிய அம்மாவை அங்கே தேடினால் எப்படிக் கிடைக்கும்? தேடும் கட்டத்தில் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, பாமினியில் தட்டுவதுபோலவே அதே விசைகளைத் தட்டுங்கள். அதுவும் சரிவராவிட்டால் எல்லா வேர்ட் ஃபைல்களையும் வரவழைத்துத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள், எழுதிய வருடம் நினைவிருக்கும் அல்லவா?

லேப்டாப்பில் டீ கொட்டி ஆன் ஆகவே இல்லை. உள்ளே கல்லூரி புராஜெக்ட் இருக்கிறது.

ஆன் செய்து செய்து பார்க்காதீர்கள், சார்ஜரும் வேண்டாம். பல மாடல்களில் எஸ்எஸ்டியைத் தனியாகக் கழற்றி, ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். சில மெல்லிய மாடல்களில் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், அப்போது போர்டையே உயிர்ப்பித்தாக வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை. புது லேப்டாப்களில் விண்டோஸ் 11 பல நேரம் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கும். கழற்றி வேறு கணினியில் போட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால் அந்த எண் இருக்கும், ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.