ஜப்பானை நூலகத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? – கேள்வி பதில்

ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பி, இப்போது மதுரை வட்டாரத்து நூலகங்களில் பிள்ளைகளிடம் அந்நாட்டைப் பற்றிப் பேசிவரும் வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

மேலூர், நூலகர்: வெளிநாடு சென்று வந்தவர்களை அழைத்தால், புகைப்படங்களைத் திரையிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பிள்ளைகள் சற்று நேரத்திலேயே நெளியத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?

கோட்டை, கோபுரம், ரயில் என்று அடுக்குவதை விட்டுவிட்டு, அந்த நாட்டில் கேட்கும் பிள்ளைகளின் வயதொத்த ஒரு பிள்ளையின் ஒரு நாளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நான் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து மதிய உணவிலிருந்து தொடங்குவேன். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில், முறை வைத்துக்கொண்டு சில பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து, சோற்றையும் சூப்பையும் வகுப்பறைக்கே கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே உணவை அவர்களோடு அமர்ந்து உண்பார். வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதும் பிள்ளைகள்தாம். அங்கே பள்ளி உணவு, 1889இல் சுருவோகா என்னும் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டை கொடுத்ததில் தொடங்கியது என்று சொல்லுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்ட மதுரையின் பிள்ளைகளுக்கு அது அயலார் கதையாகத் தோன்றாது. “காய் பிடிக்கலைன்னா என்ன செய்வாங்க?” என்று யாராவது கேட்டுவிட்டால், அதன்பின் நீங்கள் எதையும் தூண்ட வேண்டியதில்லை.

திருமங்கலம், ஆசிரியை: அங்கிருந்து வாங்கிவந்த பொருள்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா? உடைத்துவிடுவார்களே!

உடையக்கூடியதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஐந்து யென் நாணயம் ஒன்று போதும். நடுவில் துளையுள்ள அந்தப் பித்தளைக் காசில் வளைந்த நெற்கதிரும், துளையைச் சுற்றிப் பற்சக்கரமும், நீரைக் குறிக்கும் கோடுகளும் இருக்கும். உழவு, தொழில், மீன்பிடிப்பு மூன்றையும் அவை குறிக்கின்றன. அதில் 5 என்ற எண் இராது, ஜப்பானிய எழுத்தில்தான் மதிப்பு இருக்கும் என்பதால், எவ்வளவு பெறும் என்று ஊகிக்க விடுங்கள். நம் நாட்டிலும் 1943 முதல் 1947 வரை ஓட்டைக் காலணா அடித்தார்கள். பழைய வீடுகளில் இன்னும் கிடைக்கும். இரண்டையும் அருகருகே வையுங்கள்.

உசிலம்பட்டி, கல்லூரி மாணவர்: “அவர்கள் எவ்வளவு ஒழுங்கு, நாம் அப்படியில்லை” என்றே ஒவ்வொரு பேச்சும் முடிகிறதே?

அப்படிப் பேசுபவரிடம் அடுத்த முறை ஒலிவாங்கியைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை மட்டம் தட்டுவதற்கு ஜப்பான் வரை போய்வந்திருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பொம்மைத் திருவிழாவைச் சொல்லுங்கள். பெண் குழந்தைகளுக்காக மார்ச் 3 அன்று கொண்டாடப்படும் அவ்விழாவுக்குச் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகளை அடுக்கி, உச்சியில் அரசரையும் அரசியையும் அமர்த்துவார்கள். நவராத்திரிக் கொலுவைப் பார்த்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே படிகளில் இருப்பது ஓர் அரசவை. ஒவ்வொருவருக்கும் உரிய இடம் உண்டு. நம் கொலுவிலோ செட்டியார் மளிகைக் கடையும் கிரிக்கெட் அணியும் தசாவதாரத்தோடு இடம்பிடித்துவிடும். விழா முடிந்ததும் பொம்மைகளை எடுத்துவைக்காவிட்டால் மகளின் திருமணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. அதைச் சொன்னால், துணைக்கு வந்த பாட்டிமார்களும் பேச்சில் சேர்ந்துகொள்வார்கள்.

மதுரை, பெற்றோர்: கிமோனோ என்னும் ஜப்பானிய மரபுடையை அணிவித்துப் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், அணிபவரின் இடது பக்கம் மேலே வரும்படி உடுத்துங்கள். வலது பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

அலங்காநல்லூர், வாசகர் வட்டம்: எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் புரொஜெக்டர் இல்லையே?

நல்லதாகப் போயிற்று, காமிஷிபாய் செய்யுங்கள். 1930களில் கதைசொல்லிகள் சைக்கிளில் மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மிட்டாய் விற்றுப் படக்கதை சொன்ன முறை அது. அட்டைப்பெட்டியில் ஒரு சன்னல் வெட்டினால் சட்டம் ஆயிற்று. முதல் படத்துக்குரிய வரிகளைக் கடைசி அட்டையின் பின்புறத்தில் எழுதுங்கள். முன்னட்டையை உருவிப் பின்னால் செருகும்போது, அடுத்த படத்துக்குரிய வரிகள் உங்கள் கண்முன் வந்துநிற்கும். படங்களைப் பெரிய பிள்ளைகளே வரையட்டும். பன்னிரண்டு அட்டைகளுக்கு மேல் வேண்டாம்.