சேற்று நத்தையின் சாட்சி

வணக்கம் சார்,

போன வாரம் புதுச்சேரி தேங்காய்த்திட்டு அலையாத்திப் பக்கம் போயிருந்தோம். நீர் வடிந்த சேறு முழுக்கக் கூம்பு கூம்பாக நத்தைகள், கால் வைக்க இடமில்லை. சாக்கடை கலந்து ஆறு கெட்டதால்தான் இப்படிப் பெருகிவிட்டன என்றார் கூட வந்தவர். அள்ளி அப்புறப்படுத்தினால் ஆற்றுக்கு நல்லதா?

எஸ்., அரியாங்குப்பம்

அன்புள்ள எஸ்.,

அள்ள வேண்டாம். அவை அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பிரெனெல்லா சிங்குலேட்டா. 3, 4 சென்டிமீட்டர் நீளம், ஓட்டில் மணி கோத்தது போல வரிகள். பழைய கட்டுரைகளில் செரித்திடியா என்று இருக்கும். சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இருப்பது இதன் சுபாவம். சேற்றின் மேல் படியும் நுண்பாசியையும் மக்கிய இலைத்தூளையும் மேய்ந்துகொண்டே போகும். சேற்றில் கோலம் கலைந்தது போலக் கோடுகள் தெரிந்திருக்குமே, அவை மேய்ந்த தடங்கள்தான்.

சரி, ஆறு கெட்டுவிட்டதா? அதை இந்த நத்தையிடம் கேட்டுப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் உப்பு இறங்கினாலும் சித்திரை வெயிலில் உப்பு ஏறினாலும் தாங்கும். ரொம்ப மோசமானால் உள்ளே இழுத்துக்கொண்டு மூடியை அடைத்துவிடும். நல்ல சேற்றிலும் இருக்கும், கெட்ட சேற்றிலும் இருக்கும். பக்கத்தில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகளும், சேற்றில் துள்ளும் மீன்களும், வேறு சிப்பிகளும் இருந்தனவா? நத்தையைத் தவிர எதுவுமே இல்லையென்றால் கவலைப்படலாம்.

நத்தையைவிட நம்பகமான சாட்சி அதன் உடம்புக்குள் இருக்கிறது. தட்டைப்புழுக்கள். கொக்கு, உள்ளான் போன்ற பறவைகளின் எச்சத்தோடு முட்டை சேற்றில் விழும். அங்கிருந்து நத்தைக்குள் போகும். புழு பிடித்த நத்தை அதன்பின் இனப்பெருக்கம் செய்யாது. சாகாமல் மேய்ந்துகொண்டே புழுவுக்கு உழைத்துப் போடும். (கொஞ்சம் கொடூரம்தான்.) அங்கே பெருகும் குஞ்சுப் புழுக்கள் நீரில் வெளியேறி மீன், நண்டு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அந்த மீனையோ நண்டையோ பறவை தின்றால் வட்டம் முடிந்தது. பறவை, நத்தை, மீன் அல்லது நண்டு என்ற மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் புழுவுக்குப் பிழைப்பில்லை. கலிபோர்னியாவின் உப்புச் சதுப்புகளில் இதற்கு உறவான ஒரு நத்தையை அறுத்துப் பார்த்தவர்கள், பறவைகள் அதிகமாக வரும் இடத்தில் புழுவும் அதிகம் என்று கண்டார்கள். அதாவது, நத்தைக்குச் சீக்கு என்றால் ஆற்றுக்குப் பெரும்பாலும் நல்ல செய்தி.

அப்புறம், காலி ஓடுகளையும் பொறுக்கி வராதீர்கள். அடுத்த முறை போகும்போது நத்தை ஒன்று விறுவிறுவென்று ஓடினால் குனிந்து பாருங்கள், கால்கள் தெரியும். காலி ஓட்டில் குடியேறிய துறவி நண்டு அது.