சக்கரத்துக்குள் மோட்டார் வைப்பதற்கு முன் குச்சியில் ஒரு கார்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவரின் கேள்வி: "விமானப் பராமரிப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இருவர் உட்காரும் சின்ன மின்சாரக் காரைச் சொந்தமாகக் கட்ட ஆசை. நான்கு சக்கரத்துக்குள்ளும் மோட்டார் வைக்க யோசனை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது? ரோட்டில் ஓட்ட முடியுமா?"

ரோட்டை மறந்துவிடுங்கள் தம்பி. நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய, பாதுகாப்புத் தரங்களுக்குச் சான்று காட்ட வேண்டும். கையால் கட்டிய ஒற்றைக் காருக்கு அது கட்டுப்படியாகாது. அதற்கு மேல், ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் வேறு. பதிவில்லாத வண்டியை வீவக கார் நிறுத்துமிடத்தில்கூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் தனியார் இடத்தில் ஓடும் காராகவே திட்டமிடுங்கள். அது ஒன்றும் சின்ன வேலை இல்லை.

அடுத்து, அந்த மோட்டார். ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடையைச் சஸ்பென்ஷன் தாங்கிக்கொள்ளும். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையை அப்படித் தாங்க முடியாது. 1970இல் வந்த லோட்டஸ் 72 பந்தயக் காரில் பிரேக்கையே சக்கரத்திலிருந்து எடுத்து உடலுக்குள் வைத்தது இந்த எடையைக் குறைக்கத்தான். 1500 கிலோ காரில் சக்கரத்துக்குப் பத்துக் கிலோ கூடினால் ஓரளவு சமாளிக்கலாம். உங்கள் கார் 500 கிலோ இருந்தால், அதே பத்துக் கிலோ மூன்று மடங்கு உறுத்தும். முதல் காருக்குப் பின்பக்கம் ஒரே மோட்டார், அதன் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் ஒரு டிஃபரன்ஷியல் போதும். மின் அதிர்ச்சி ஆபத்து குறைய, மின்னழுத்தத்தை 60 வோல்ட்டுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தொடக்கம். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் சஸ்பென்ஷன் வடிவியல் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து, பென்சிலும் கட்டத் தாளுமாக உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு படத்தையும் நீங்களே ஒருமுறை வரைந்து பார்க்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள். அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஐந்து மில்லிமீட்டர் பால்சா குச்சி (லேசான மரக் குச்சி) வாங்குங்கள். காரின் சட்டகத்தை முதலில் இதில்தான் மாதிரியாகக் கட்டப் போகிறீர்கள். லோட்டஸ் செவன் என்ற பழைய இருவர் ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரியில் வீட்டில் கட்டும் கார்களுக்கு 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய்தான் வழக்கம். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்தக் குச்சி கச்சிதம். மூன்று மீட்டர் சட்டகம் 60 சென்டிமீட்டராகச் சாப்பாட்டு மேஜையில் அடங்கிவிடும்.

முதலில் குறுக்குக் குச்சி எதுவும் இல்லாமல் வெறும் பெட்டியாக ஒட்டுங்கள். பின்முனையை மேஜையோடு கிளாம்ப் போடுங்கள். முன்முனையின் நடுவில், நீளவாக்கில், அடியில் ஒரு பென்சிலை முட்டுக் கொடுங்கள். முன்னால் குறுக்காக ஒரு ஸ்கேலைக் கட்டி, அதன் ஒரு நுனியில் 100 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டைத் தொங்கவிடுங்கள். நுனி எவ்வளவு இறங்குகிறது, அதாவது சட்டகம் எவ்வளவு முறுகுகிறது என்று குறித்துக்கொண்டு, மூலைக்கு மூலை ஒவ்வொரு குச்சியாக ஒட்டி மறுபடி அளந்து பாருங்கள். சில குச்சிகள் ஒட்டியும் ஒன்றும் மாறாது. ஒன்றிரண்டு ஒட்டியதும் இறக்கம் சட்டென்று குறையும். ஆள் உட்காரும் இடத்தில் மேலே குறுக்குக் கம்பி போட வழியில்லை, முறுக்கம் அங்கேதான் வந்து சேரும். இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஓடும் பெட்டியை முக்கோணம் முக்கோணமாகக் கட்டினால் அந்தப் பலவீனம் குறைவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். இந்த ஒரு வாரம் பின்னால் உங்களுக்குப் பல மாத வெல்டிங்கை மிச்சப்படுத்தும்.

வீட்டில் இதற்கு மேல் வேண்டாம். தாழ்வாரத்தில் குழாய்களை அடுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் தப்பிக்கும் வழி அடைபடும், அங்கே 1.2 மீட்டர் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். கையால் கோத்த லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடவே போடாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இரும்பு வேலைக்கு, நண்பர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து தொழிற்பேட்டையில் பட்டறை இடம் பிடியுங்கள். அங்கே போனதும் முழு வெல்டிங் அடிக்காமல் மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்து வரும்வரை தட்டிச் சரிசெய்து, அதற்குப் பிறகு முழுசாக அடியுங்கள்.