தீவுச் செடியைப் படித்தால் சோறு கிடைக்குமா? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு. ஹவாய்த் தீவில் வெள்ளி மாதிரி மின்னும் ஏதோ ஒரு செடியைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து, தீவுச் செடிகளின் மரபியலைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உங்கள் நாத்தனாரோ, பேசாமல் பி.எட். சேர்த்துவிடு என்கிறார். நடுக்கடலில் இருக்கிற செடியைப் படித்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தச் செடியின் கதையைக் கேளுங்கள். அவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று புரியும்.

ஹவாயில் மௌனா கியா என்று ஓர் எரிமலை, 4,207 மீட்டர் உயரம். அதன் மேல் சரிவுகளில் வளர்வது வெள்ளிவாள் செடி. அந்த ஊர்க்காரர்கள் ஆஹினஹினா என்பார்கள். பல ஆண்டுகள் தரையோடு ஒரு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆளுயரத்துக்குப் பூந்தண்டு விடும், விதை போடும், செத்துப்போகும். நம் ஊர் மூங்கில் பூத்துச் சாவது போலத்தான். இதில் இன்னொரு சங்கடம், தன் மகரந்தம் தனக்கே பலிக்காது. பக்கத்தில் வேறொரு செடி அதே சமயத்தில் பூத்திருக்க வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலில் வந்தவர்கள் ஆடு மாடுகளைத் தீவில் இறக்கிவிட்டார்கள். மேய்கிற விலங்கையே பார்த்திராத மலை அது. முள்ளும் கசப்பும் இல்லாத செடி என்ன செய்யும்? 1970-களில் ஆட்டுக் கால் எட்டாத செங்குத்தான இடங்களில் சில டஜன் செடிகள்தான் மிஞ்சியிருந்தன. 1973-இல் பூத்த இரண்டு செடிகளின் விதையிலிருந்து நாற்று வளர்க்கத் தொடங்கினார்கள். அதன் வழியில் வந்த பல நூறு செடிகளை மலையில் நட்டார்கள். படத்தில் பார்த்தால் பெரிய வெற்றி.

1990-களில் டி.என்.ஏ.வைச் சோதித்தபோதுதான் விஷயம் உறைத்தது. நட்டவை எல்லாம் அந்த இரண்டு தாய்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். சொந்தத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் எடுத்தால் டாக்டர் எச்சரிக்கிறார் இல்லையா, அதே கதை. வெள்ளிவாளுக்குக் கூடுதல் சிக்கல், உடன்பிறந்த செடிகளுக்குள் மகரந்தம் பல நேரம் ஏற்காது. பூ நிறைய இருக்கும், விதைக்குள் பருப்பு இருக்காது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ரோபிஷோவும் கூட்டாளிகளும், மிஞ்சியிருந்த காட்டுச் செடி எதுவாவது பூத்தால் அங்கே ஏறிப்போய் மகரந்தம் எடுத்து, கையாலேயே சேர்க்கை செய்து, பரம்பரையை அகலப்படுத்தினார்கள். எத்தனை செடி நிற்கிறது என்பதைத் தோட்டக்காரர் எண்ணிச் சொல்லிவிடுவார். அவற்றுக்கு எத்தனை தாய், எத்தனை தகப்பன் என்று சொல்ல உங்கள் மகள் படிக்க ஆசைப்படும் படிப்பு வேண்டும்.

இது ஒரு செடியின் துரதிர்ஷ்டம் மட்டும் கிடையாது. தீவுக்குக் கரையிலிருந்து போய்ச் சேரும் விதைகளே சில. அந்தச் சிலவற்றில் இருக்கிற மரபணு வகைகள்தான் முதலீடு. கூட்டம் சிறியதாக இருந்தால் தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாகவே சில வகைகள் தொலையும். 1997-இல் ரிச்சர்ட் ஃப்ராங்கம் என்ற ஆய்வாளர் விலங்கு, தாவரம் இரண்டையும் சேர்த்து, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே 202 ஒப்பீடுகளைத் திரட்டினார். 165-இல் தீவுக் கூட்டத்துக்குத்தான் மரபணுப் பன்மை குறைவு, சராசரியாக 29 சதவீதம். சரி, முடிந்தது என்று பார்த்தால், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் கேனரித் தீவுகளின் செடிகள் பல இந்தக் கணக்குக்கு அடங்காமல் நல்ல பன்மையோடு இருக்கின்றன. ஏன் என்று இன்னும் வாதம் நடக்கிறது. வாதம் முடியாத துறையில்தான் புதிதாக வரும் பிள்ளைக்கு இடம் இருக்கும்.

இப்போது சம்பளம். ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தியாவில் தீவுத் தாவரம் என்ற ஒன்றுக்காகவே இருக்கும் வேலைகளை விரல் விட்டு எண்ணலாம். அந்தமானின் போர்ட் பிளேயரில் (2024-இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கேயே மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதை மட்டும் நம்பி இறங்கினால் நாத்தனார் சொன்னது சரியாகிவிடும். ஆனால் அவள் கற்கப்போகும் கைவேலை தீவோடு நிற்பதில்லை.

அந்தக் கைவேலை எப்படி இருக்கும் என்றால், நகத்தளவு இலையைக் கிள்ளி ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போடுவாள். நீல மணிகள் ஈரம் குடித்து ரோஸ் நிறமாகும். உடனே மாற்ற வேண்டும், மறந்தால் இலை பூசணம் பிடித்துப் பயணமே வீண். ஆய்வகத்தில் அதைப் பொடித்து, 65 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து, குளோரோஃபார்ம் விட்டுச் சுழற்றி, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் பஞ்சு நூல் மாதிரி டி.என்.ஏ. திரண்டு வரும். முதல் தடவை அதைப் பார்க்கிற பிள்ளைகளின் முகம் தனி. அதற்கப்புறம் வேண்டிய டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு படியெடுக்கும் பி.சி.ஆர்., அதன் எழுத்து வரிசையைப் படிக்கும் வரிசையறிதல், மாதக்கணக்கில் கம்ப்யூட்டர். இதே வேலையைத்தான் விதை நிறுவனங்கள் வீரிய ரகத்தின் தூய்மையைச் சோதிக்கச் செய்கின்றன. டெல்லியில் தேசியத் தாவர மரபு வள நிறுவனம் பயிர் விதைகளுக்குச் செய்கிறது. கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் சவுக்குக்கும் தேக்குக்கும் செய்கிறது.

அதனால் நான் அவளிடம் கேட்கும் ஒரே நிபந்தனை, கணக்கைக் கண்டு ஓடக் கூடாது. புள்ளியியலும், தரவை அலச உதவும் 'ஆர்' என்ற கம்ப்யூட்டர் மொழியும் இந்த விடுமுறையிலேயே தொடங்கட்டும், இரண்டும் இணையத்தில் இலவசம். செடி மேல் உயிரையே வைத்திருந்து, புள்ளியியல் பாடத்தில் மட்டும் பின்வாங்கிய ஒரு பையனை எனக்குத் தெரியும்; மூன்று வருடம் திரட்டிய தரவை அலசத் தெரியாமல் இன்னொருவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான்.

முதுநிலைக்கு ஐ.ஐ.டி.களுக்கான ஜாம் தேர்வில் உயிரித்தொழில்நுட்பத் தாள், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட், இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர்ப்பெருக்கம் படிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பெரும்பாலும் பி.எஸ்சி. வேளாண்மைதான் கேட்பார்கள், விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம். முதுநிலை முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் ஆராய்ச்சிக் காலத்தில் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000, அதோடு விதிப்படி வீட்டு வாடகைப் படி. நீங்கள் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் படிப்பு இது இல்லை. தாவரவியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம். பி.எட். எங்கேயும் ஓடிவிடாது, எம்.எஸ்சி.க்கு அப்புறம் வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு எப்படியும் இரண்டும் வேண்டும்.

பெண்பிள்ளையைத் தீவுக்கும் காட்டுக்கும் தனியாக அனுப்புவதா என்றும் கேட்டிருந்தீர்கள். தனியாக யாரும் போவதில்லை. வருடத்தில் சில வாரம் களம், அதுவும் குழுவாக, மீதி ஆய்வகம். நிக்கோபார் போன்ற இடங்களுக்கு அனுமதி வாங்குவதுதான் காட்டு அட்டைப்பூச்சியைவிடப் பெரிய தொல்லை. 2004 சுனாமியின்போது அங்கே நிலமே கீழே இறங்கியது, தென்கோடியில் இருக்கும் இந்திரா முனையில் 4 மீட்டருக்கும் மேல். கரையோரக் கண்டல் (அலையாத்தி) காடுகள் மூழ்கின. இப்போது முளைத்து வருகிற கண்டல்கள் எத்தனை தாய்மரங்களின் வாரிசு? இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டுப் பாருங்கள். கூகுளில் தேடாமல் பத்து நிமிடம் பேசினாள் என்றால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் திண்டுக்கல்லிலிருந்து கோயம்புத்தூர் சில மணி நேரம்தானே. ஒரு வேலைநாளில் அவளோடு நீங்களும் போய்வாருங்கள். ஆர்.எஸ்.புரத்தில் நான் சொன்ன வன மரபியல் நிறுவனம் இருக்கிறது. செமஸ்டர் புராஜெக்டுக்கு இடம் கேட்டு முன்கூட்டியே கல்லூரிக் கடிதத்தோடு எழுதட்டும். அவள் உள்ளே பேசி முடிக்கும்வரை நீங்கள் அதே வளாகத்தில் இருக்கும் கேஸ் வன அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். 1902-இல் தொடங்கியது. நாத்தனாரையும் கூட்டிப்போங்கள்.