கேள்வி–பதில்: ஸ்பாக் போட்ட குட்டிக் கணக்கு

கேள்வி: பழைய விண்வெளி டி.வி. தொடர் 'ஸ்டார் ட்ரெக்'கில், டிரிபிள் (Tribble) என்ற ரோம உருண்டை ஜந்து பெருகித் தள்ளும் எபிசோடு பார்த்தோம். ஒரே ஒரு டிரிபிளில் ஆரம்பம், ஒரு ஈத்துக்கு 10 குட்டி, 12 மணிக்கொரு ஈத்து, 3 நாள். 10 லட்சம்தானே வரணும்? கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் 17,71,561 என்கிறாரே, கணக்கில் கோட்டை விட்டாரா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அவராவது, கோட்டை விடுவதாவது! 3 நாளில் 6 ஈத்து, சரி. ஆனால் குட்டி போட்ட தாயும் அங்கேயேதானே உட்கார்ந்திருக்கிறது? 10 குட்டி, 1 தாய். ஆகவே 11-ஆல் பெருக்க வேண்டும்: 11, 121, 1,331, 14,641, 1,61,051, கடைசியில் 17,71,561. இன்னும் அரை நாள் விட்டால் சுமார் 1.95 கோடி. பிறக்கும்போதே கர்ப்பமாகப் பிறக்கும் ஜந்து என்று டாக்டர் மெக்காய் சொல்வதால் ஆணைத் தேடும் செலவும் இல்லை.

1967 டிசம்பரில் ஒளிபரப்பான கதை இது. கேப்டன் கிர்க் காவல் காக்க வேண்டியது தானியக் கிடங்கை. மேலே இருக்கும் கதவைத் திறக்கிறார். டிரிபிள்கள் பொதபொதவென்று தலையில் கொட்டி, மார்பளவு புதைகிறார். அதில் நிறைய செத்துக் கிடக்கிறது. தானியத்தில் கலந்த வைரஸ் சத்தை உடம்பில் ஒட்டவிடாது, வயிறு நிறைய தின்றே பட்டினிச் சாவு. ரேஷன் அரிசியைக் குறை சொல்பவர்கள் கவனிக்க.

கொட்டி முடித்த பிறகும் ஒன்றிரண்டு தொப் தொப்பென விழுகிறதே, அது திட்டமிட்ட நகைச்சுவை அல்ல. மேலேயிருந்து வீசிய ஆட்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் அசையாமல் வாங்கிக்கொண்டதுதான் நடிப்பு.